132 செ.மீ. சுற்றளவுள்ள தேக்குக் கட்டை: பரப்பு 1386-ஆ, 1089-ஆ?

கேள்வி:
எங்கள் கொல்லையில் வெட்டிய தேக்குக் கட்டையின் நடுப்பகுதியை இஞ்சி டேப்பால் சுற்றி அளந்தபோது 132 செ.மீ. இருந்தது. அந்த இடத்தில் விட்டத்தை நேராக அளக்க வழியில்லாததால், சுற்றளவிலிருந்தே குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டேன். 1386 சதுர செ.மீ. வந்தது. வாங்க வந்த மர வியாபாரியோ 132-ஐ நான்கால் வகுத்து, வந்த 33-ஐ 33-ஆல் பெருக்கி, 1089 என்று எழுதிக்கொண்டார். என் கணக்கில் பிழை உள்ளதா?

மறுமொழி 1:
பிழையில்லை. சுற்றளவு என்பது ஆரத்தின் இருமடங்கைப் பையால் (π, ஏறத்தாழ 22/7) பெருக்கிய தொகை. ஆகவே 132-ஐ 44/7-ஆல் வகுத்தால் ஆரம் 21 செ.மீ. பரப்புக்கு ஆரத்தை வர்க்கப்படுத்திப் பையால் பெருக்கலாம் என்றாலும், பாதிச் சுற்றளவை ஆரத்தால் பெருக்குவது இன்னும் எளிது: 66 × 21 = 1386. வட்டத்தை மெல்லிய கூறுகளாக நறுக்கி, கூர்முனை ஒன்று மேலும் அடுத்தது கீழுமாக அடுக்கினால், பாதிச் சுற்றளவு நீளமும் ஆரம் அகலமும் கொண்ட செவ்வகம்போல் அமைவதே இதற்குக் காரணம். அரை வட்டத்தை அரை விட்டத்தால் பெருக்கச் சொல்லும் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலின் வழியும் இதுதான்.

மறுமொழி 2:
வியாபாரியும் தவறாகப் பெருக்கவில்லை. அவர் அளந்தது வேறொன்றை. இங்கிலாந்தில் 1736-இல் எட்வர்ட் ஹோப்பஸ் என்பவர் வெளியிட்ட மர அளவை அட்டவணைகளால் பரவிய முறை அது. 132 செ.மீ. சுற்றளவுள்ள கட்டையை அதே சுற்றளவுள்ள சதுரமாகக் கொள்கிறது. ஒரே சுற்றளவில் வட்டமே அதிக இடத்தை அடைக்கும் என்பதால், கட்டை எவ்வளவு பருமனாக இருந்தாலும் இம்முறையில் ஏறத்தாழ 21.5 விழுக்காடு குறைந்தே வரும். அறுக்கும்போது ஏற்படும் சேதாரத்துக்கு அது ஈடு என்பார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு: இந்தக் கட்டையிலிருந்து ஒரே சதுர உத்தரமாக அறுத்தால், 882 சதுர செ.மீ.க்கு மேல் கிடைக்காது. ஆனால், சொல்லப்பட்ட கன அடி விலை எந்த முறைக்குரியது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சேதாரத்தை இருமுறை கழித்துவிடுவார்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. நான் பட்டையோடு சேர்த்துத்தான் அளந்தேன். அது கணக்கை மாற்றுமா?

மறுமொழி 2:
மாற்றும். பட்டை 1 செ.மீ. தடிமன் என்றால் ஆரம் 20-ஆகவும், பரப்பு சுமார் 1257-ஆகவும் இறங்கிவிடும். அளக்கும் இடத்தில் பட்டையைச் செதுக்கிவிட்டு, டேப் சாயாதபடி பிடித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.