டைம் என்ற ஒரே சொல்லுக்கு ஸ்பானிஷில் எதைப் போடுவது?

பாதிமொழி:

வணக்கம். உடற்பயிற்சிக்கான சின்ன டைமர் ஆப் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிற தைரியத்தில் அதன் ஸ்பானிஷ் வரிகளையும் நானே செய்துவிடலாம் என்று இறங்கி, ஆங்கிலத்தில் 'டைம்' வந்த இடமெல்லாம் அகராதியில் முதலாவதாக இருந்த 'தியெம்போ'வைப் போட்டுத் தள்ளிவிட்டேன். நேற்று ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் மிகவும் மரியாதையாகச் சிரித்து எழுதியிருந்தார். 'முதல் தடவையா?' என்று கேட்பதாக நினைத்து நான் எழுதிய 'பிரிமேர் தியெம்போ' அவருக்குக் கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதியாகத் தெரிகிறதாம். 'மூன்று தடவை செய்யவும்' என்பதும் இதே கதைதான்.

அகராதியை மறுபடி திறந்தால் தியெம்போ, ஓரா, பெஸ், ராத்தோ, எபொக்கா என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிரே அதே 'டைம்'. எதை எங்கே போடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இல்லாமல் மற்றவற்றுக்கும் உதவுகிற மாதிரி ஏதாவது வழி இருந்தால் இன்னும் நல்லது.

நடுவழி:

நீங்கள் தமிழர், போக வேண்டிய இடம் ஸ்பானிஷ், நடுவில் ஆங்கிலத்தில் எதற்கு இறங்குகிறீர்கள்? குழப்பமே அங்கேதான் ஏறிக்கொள்கிறது. அந்த வரியைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். 'எத்தனை தடவை' என்று வந்தால் பெஸ், பன்மையில் பெசெஸ். 'எத்தனை மணிக்கு' என்று வந்தால் ஓரா. 'எவ்வளவு நேரம்' என்று வந்தால் தியெம்போ. கொஞ்ச நேரம், சற்று நேரம் என்றால் ராத்தோ. 'அந்தக் காலத்தில்' என்று தாத்தா பேசுகிற தோரணையில் வந்தால் எபொக்கா. எண்ண முடிகிறதா, அளக்க முடிகிறதா, கடிகாரத்தில் காட்ட முடிகிறதா என்பதைத்தான் அவர்கள் பிரிக்கிறார்கள். நாமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரிக்கிறோம், ஆங்கிலம்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஸ்பானிஷில் 'தால் பெஸ்' என்றால் ஒருவேளை. 'ஆ பெசெஸ்' என்றால் சில வேளைகளில். நம் 'வேளை' போகிற அதே இடங்களுக்கு அவர்களுடைய 'பெஸ்' தானாகவே போயிருக்கிறது. 'தியெம்போ'வை எடுத்துக்கொண்டால் இலக்கணத்தில் இறந்தகாலம், எதிர்காலம் சொல்லவும் அதுதான், வானிலைக்கும் அதுதான். நம் 'காலம்' இலக்கணத்திலும் உண்டு, மழைக்காலத்திலும் உண்டு.

'கார்னர்' என்ற சொல்லும் இதே மாதிரிதான். தெருமுனை, மேசை முனை என்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எஸ்கீனா. அறையின் மூலை மாதிரி உள்ளே ஒடுங்கியிருப்பது ரின்கோன். முனையா மூலையா என்று கேட்டால் போதும்.

கறார்வாசகன்:

நடுவழி சொன்ன வழி அழகாக இருக்கிறது, ஆனால் பாதி தூரம்தான் வரும். தமிழும் தன் பங்குக்கு மூட்டை கட்டியிருக்கிறது. 'கேள்' என்ற சொல்லைப் பாருங்கள். கேள்வி கேட்டால் பிரெகுந்தார், தண்ணீர் கேட்டால் பெதீர், சத்தம் காதில் விழுந்தால் ஓயிர், காது கொடுத்துக் கேட்டால் எஸ்குச்சார். நான்குக்கும் நமக்கு ஒரே வினை. ஆங்கிலம் இங்கே கேட்பதையும் காதில் விழுவதையுமாவது பிரித்துத் தருகிறது. தமிழ் வழியாக வந்த நான் முதல் மாதம் முழுக்க ஹோட்டலில் தண்ணீரை பிரெகுந்தார் செய்துகொண்டிருந்தேன், அதாவது தண்ணீரை விசாரித்திருக்கிறேன். 'தெரியும்' இன்னொன்று. விவரம் தெரிந்தால் சாபேர், ஆளைத் தெரிந்தால் கொனொசேர்.

அதனால் நான் செய்வது வேறு. இருமொழி அகராதியில் கிடைத்த சொல்லை அப்படியே எடுக்காமல், அந்த ஸ்பானிஷ் சொல்லை ஸ்பானிஷ்-ஸ்பானிஷ் அகராதியில் போட்டு அவர்கள் அதை எப்படி விளக்குகிறார்கள் என்று பார்ப்பேன். 1713-ல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரியல் அகாடெமியா எஸ்பான்யோலாவின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு வருடம் படித்தவருக்கு முதலில் தலை சுற்றும், சுற்றட்டும், விளக்கத்தின் முதல் வரியும் பக்கத்தில் இருக்கிற உதாரணமும் புரிந்தாலே போதும். 'கீ' என்று தேடி யாபே, கிளாபே, தெக்லா மூன்றும் வந்தால், பூட்டைத் திறப்பது எது, வைஃபைக்குப் போடுவது எது, விரலால் தட்டுவது எது என்று அங்கே தெளிவாகிவிடும். அப்புறம் சொல்லைத் தனியாகத் தேடாமல் பக்கத்துச் சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள், 'தொடங்கும் நேரம்' முழுதாக. 'ஓரா தே இனீசியோ' என்று கட்டாகவே கிடைக்கும். சொற்கள் அப்படி ஜோடியாகத்தான் புழங்குகின்றன.

மீன்கொத்தி:

சம்பந்தமில்லாத ஒரு எச்சரிக்கை. இந்தத் திரியில் எல்லாரும் 'பெஸ்' என்று எழுதுகிறீர்கள். ஸ்பானிஷில் உயிரோடு நீந்துகிற மீனும் தமிழ் எழுத்தில் 'பெஸ்'தான், தடவைக்கு மெலிந்த ப, மீனுக்கு அழுத்தமான ப. பாதிமொழி தமிழில் குறிப்பு எழுதிப் படித்தால் 'மூன்று மீன் செய்யவும்' என்று ஆப்பில் வந்துவிடப் போகிறது. பிடித்துச் சமையலறைக்கு வந்த மீன் பெஸ்காதோ, அது வேறு சொல், அதற்கும் ஆங்கிலத்தில் ஒரே 'ஃபிஷ்'தான்.

பாதிமொழி:

மீன்கொத்தி, சிரித்து முடியவில்லை. எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'நேரம்' என்பதே நம்மிடம் இரண்டு வேலை பார்க்கிறதே. 'நேரம் இல்லை' தியெம்போ என்று தெரிகிறது, 'நேரமாச்சு, எழுந்திரு' என்றால்? அப்புறம், '3 டைம்ஸ் 10' என்று பயிற்சி அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் பெசெஸ்தானா?

நடுவழி:

'நேரமாச்சு' என்றால் கடிகாரம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள், அதனால் ஓரா. 'யா எஸ் ஓரா' என்பார்கள். டைமர் முடிந்து நேரம் தீர்ந்துபோனால் மட்டும் தியெம்போ, 'சே அகபோ எல் தியெம்போ'. கறார்வாசகன் சொன்ன 'கேள்' விஷயத்தில் நான் சரணடைகிறேன், அதை நான் யோசிக்கவே இல்லை.

கறார்வாசகன்:

அட்டவணை வரியில் அது பெருக்கல், 'த்ரெஸ் போர் தியெஸ்'. பெசெஸ் வேண்டாம். உண்மையில் மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து என்று சொல்லத்தானே வருகிறீர்கள்? 'த்ரெஸ் சேரியெஸ் தே தியெஸ்' என்று போடுங்கள். இடம் போதவில்லை என்றால் 3×10 என்றே விட்டுவிடுங்கள். இன்னொன்று, உங்கள் மொழிக்கோப்பில் 'டைம்' ஒரே வரியாக இருந்து பல திரைகளுக்குப் போகிறது என்றால் அதை முதலில் உடையுங்கள், திரைக்கு ஒரு வரி. ஆப் வரிகளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவியைப் பயன்படுத்தினால் அதில் ஒரே ஆங்கில வரிக்கு இடத்தைப் பொறுத்து வேறு வேறு மொழிபெயர்ப்பு வைக்க ஏற்கெனவே வசதி இருக்கிறது.

பாதிமொழி:

ஒரே வரிதான். ஆறு திரைக்குப் போகிறது. உடைக்கப் போகிறேன்.