டிப்ளமோ முடிச்ச பையன் கப்பலூர்லயே இருக்கவா, ஓசூருக்கு வண்டி ஏறவா?

திருமங்கலத்தான்:
அக்கா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டான். கையில ரெண்டு வேலை. மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில ரப்பர் பார்ட்ஸுக்கு மோல்டு, அதான் அச்சு, செய்யிற சின்ன பட்டறை, மாசம் 13,000. ஓசூர்ல பெரிய கம்பெனி, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற மிஷின்) லைன்ல டிரெய்னி, 19,000, கேண்டீன் உண்டு. அக்கா "கண்ணு முன்னாடி இருக்கட்டும்"ங்குது, மச்சான் "அனுப்பிரு"ங்குறாரு. தொழில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்_செட்டர்:
யோசிக்கவே வேணாம்ணே, அனுப்பி விடுங்க. நானும் மதுரை செல்லூர்க்காரன்தான். நம்மூர்ல அடுத்த கம்பெனிக்குக் கூலிக்குக் கடைஞ்சு குடுக்குற ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில மூணு வருஷம் நின்னேன், பேரு வேணாம். காலையில ஓனர் வந்து புரோகிராம் ஏத்தி ஆஃப்செட் (டூலோட அளவுத் திருத்தம்) குடுத்து பூட்டிட்டுப் போயிருவாரு, நான் ஜாபை, அதான் கடையிற பார்ட்டை, சக்குல மாட்டுறது கதவைச் சாத்துறது பச்சை பட்டனை அமுக்குறது, ஒரு ஷிஃப்டுக்கு 300 தடவை. மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான். ஓசூர் வந்த ரெண்டாம் வருஷமே மிஷினைத் தயார் பண்ற செட்டிங் வேலை குடுத்துட்டாங்க. ரோபோ கை ஜாபை மாட்டும், ஒரு டூல் வெட்ட வேண்டிய எண்ணிக்கை முடிஞ்சா மிஷின் தானா நிக்கும், இன்சர்ட் (வெட்டுற முனை) மாத்தி முதல் ஜாபை அளந்து விடுறது என் பொறுப்பு. டிவிஎஸ் மோட்டார், லேலண்ட், ஏத்தர்னு ஒரே ஊர்ல இத்தனை இருக்கு, ஒண்ணு பிடிக்கலைனா அடுத்த கேட்டுக்குப் போகலாம். மதுரையில யாரைப் போய் கேக்குறது?

ரப்பர்மோல்டு_கொச்சடை:
தம்பி சொன்ன பட்டன் கதை நெசம், அப்படி பட்டறைக இருக்கத்தான் செய்யுது. ஆனா அது டர்னிங் ஜாப், அதான் கடைசல் வேலை, இங்க கேக்குறது மோல்டு, ரெண்டும் வேற தொழில். 1911ல டி.வி.சுந்தரம் அய்யங்கார் ஆரம்பிச்ச டிவிஎஸ் கம்பெனி மதுரையில இருந்துதான் கிளம்புச்சு. வெள்ளரிப்பட்டியில டயர், ஃபென்னர்ல பெல்ட்டு, அப்புறம் ஆயில் சீல், புஷ்ஷுன்னு ரப்பர் தெரிஞ்ச கை இந்த ஊர்ல இருக்கு.

ரப்பர் அச்சுக்குள்ள வெந்து வெளிய வந்து ஆறும்போது சுருங்கும். வரைபடத்துல 50 மில்லினு இருக்கேனு 50க்கே வெட்டுனா அச்சு வீணு. ரெண்டு பர்சென்ட் சுருங்குற கம்பவுண்டுனா (ரப்பர் கலவை) 51ஐ ஒட்டி வெட்டணும், அதே ஜாபை சிலிக்கான்ல கேட்டா சுருக்கம் கூடும், வேற அச்சு போடணும். ரப்பர்ல கலந்த கார்பன் எவ்வளவு, எத்தனை டிகிரியில எத்தனை நிமிஷம் வேகுது எல்லாத்துக்கும் மாறும். போன மாசம் ஒரு கேஸ்கெட்ல (கசிவு அடைக்கிற ரப்பர் வளையம்) அச்சோட ரெண்டு பிளேட்டும் சேர்ற பார்ட்டிங் லைன்ல நகம் மாட்டுற அளவுக்கு ரப்பர் பிதுங்கி ஃபிளாஷ். எல்லாரும் பிரஸ்ஸு பிரஷரைக் குறை சொன்னோம். வந்து எட்டு மாசமான பய ஒருத்தன் ரெண்டு பிளேட்டையும் நீலம் தடவி ஒட்டிப் பாத்து ஒரு மூலையில படியவே இல்லைனு காட்டுனான். அந்தக் கண்ணு லைன்ல நின்னா வருமா தம்பி?

ஓசூர்_செட்டர்:
வராதுண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா கரண்டு வண்டி வந்துருச்சே, அதுல இஞ்சினே கிடையாது. வால்வு சீல், கிராங்க் சீல், டைமிங் பெல்ட்டு எல்லாம் போச்சுனா இந்தப் பய கத்துக்கிட்ட தொழிலை வச்சு பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணுவான்?

ரப்பர்மோல்டு_கொச்சடை:
அந்தப் பயம் எனக்கும் உண்டு, இஞ்சின் சீலை மட்டும் நம்பி இருக்கவங்க முழிக்கத்தான் போறாங்க. ஆனா பேட்டரி பெட்டிக்குள்ள சொட்டுத் தண்ணி போகக்கூடாது, சுத்தி கேஸ்கெட் வேணும், அதை ஆத்துறதுக்கு கூலன்ட் ஹோஸ் வேணும். மோட்டார் இஞ்சினை விட ரொம்ப வேகமா சுத்துது, அதுக்குத் தாங்குற சீல் செய்யிறது பழசை விட கஷ்டம். 2025 ஆகஸ்ட்ல தூத்துக்குடியில வின்ஃபாஸ்ட் கரண்டு கார் ஃபேக்டரி திறந்தாச்சு, நாலு வழிச் சாலையில போனா மூணு மணி நேரம் கூட ஆகாது. ஓசூருக்கு ஓடுன காலம் மாதிரியே இருக்கும்னு நினைக்காதீங்க.

சிஎம்எம்_மேலூர்:
நான் குவாலிட்டியில இருக்கேன், பார்ட்டை நுணுக்கமா அளக்குற சிஎம்எம் மிஷின் ஓட்டுறேன். அண்ணே, நீங்க தொழில் பெருமை பேசுறது சரி, 13,000த்தைப் பத்தி ஏன் ஒருத்தரும் பேசல? திருமங்கலத்துல இருந்து பெட்ரோல், மதியச் சாப்பாடு போக வீட்டுக்கு என்ன குடுப்பான்? கத்துத் தர்றோம்கிற பேர்லயே சம்பளத்தைக் குறைக்கிறாய்ங்க, அப்புறம் ஆள் நிக்க மாட்டேங்குதுனு பொலம்புறாய்ங்க. டாடா டெக்னாலஜிஸோட சேந்து கவர்மென்ட்டு 71 ஐடிஐயில ரோபோ, அஞ்சு ஆக்ஸிஸ் மிஷின்லாம் கொண்டு வந்துருக்கு. அதுல கை வச்சுப் பழகுன பிள்ளைங்களை நம்ம பட்டறையில பழைய மிஷினுக்கு ஆயில் ஊத்த விட்டா ஓடத்தான் செய்வாங்க. என்கூட படிச்ச பொண்ணுங்கள்ல பாதி ஓசூர்ல, ஏன்னா அங்க ஹாஸ்டலும் கம்பெனி பஸ்ஸும் இருக்கு. கப்பலூர்ல செகண்ட் ஷிஃப்ட் விட்டு ராத்திரி ரிங் ரோட்டுல ஒரு பொண்ணு எப்படிண்ணே வீடு போறது?

ரப்பர்மோல்டு_கொச்சடை:
தங்கச்சி, பதில் இல்லைம்மா. நான் அச்சு செய்யிற டூல் ரூம் பாக்குறேன், சம்பளம் என் கையில இல்ல, ஆனா முதலாளிகிட்ட இதை நான்தான் எடுத்துச் சொல்லியிருக்கணும். ரெண்டு நல்ல பசங்க இதுக்காகத்தான் போனாய்ங்க.

ஓசூர்_செட்டர்:
திருமங்கலத்தாண்ணே, ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்த பட்டறையில டிசைன் கம்ப்யூட்டர்ல பையனை உக்கார விடுவாங்களா, எத்தனாவது மாசத்துல? மாசத்தைச் சொல்லாம மழுப்புனா என்கிட்ட அனுப்புங்க, ரூம்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.

திருமங்கலத்தான்:
சனிக்கிழமை போறேன். அதையும் கேக்குறேன், ஆறு மாசத்துல எவ்வளவு ஏத்துவீங்கன்னும் கேக்குறேன். பயகிட்ட இதெல்லாம் வாசிச்சுக் காட்டுனேன், "அந்த நீலம் எதுக்கு மாமா தடவுனாங்க?"ன்னு மட்டும் கேட்டான்.

ரப்பர்மோல்டு_கொச்சடை:
அவனை முதல்ல எங்க டூல் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க, வேலைக்கு இல்ல, சும்மா. தடவிக் காட்டுறேன்.