மறு: முன்கை எலும்புகளுக்குத் தமிழ்ச் சொல் (அவசரம்)

வணக்கம். தாராவியில் கைமுறிவுக்குக் கட்டுப் போட்டவர்களுக்காக ஓர் அறிவுரைத் தாள் தயாராகிறது. வியாழனன்று அச்சுக்குப் போக வேண்டும். மேற்கை எலும்பு சரி. முன்கையில் பெருவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. இரண்டுக்கும் என்ன போடலாம்? கையூன்றி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் ரேடியஸ்தான், மணிக்கட்டருகே முறிகிறது.
– தாராவி

இலங்கையில் ஆரை, அரந்தி என்றே படித்தோம். புதிதாக ஏன்?
– யாழ்ப்பாணம்

ஆரை பொருத்தமே. ரேடியஸ் என்றால் இலத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். அரந்திதான் இடிக்கிறது. வடமொழி அரத்நியின் சாயல் அதில் இருக்கிறது என்பது என் ஊகம். அரத்நி முழங்கையையும் குறிக்கும், முழ அளவையும் குறிக்கும். அல்னாவும் இலத்தீனில் முழங்கைதான். ஆங்கிலேயர் துணி அளந்த 'எல்' அதன் உறவு. ஆக எல்லாரும் முழம் போட்டிருக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்? முழம் + எலும்பு = முழவெலும்பு.
– மாட்டுங்கா

ஐயா, முழவு + எலும்பும் முழவெலும்புதான். நோயாளி கைக்குள் மத்தளம் தேடுவார். ஆரை எங்கள் ஊரில் குளத்தங்கரைக் கீரை, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள்: ரேடியஸ் குறுக்கே சாய்கிறது, அல்னா ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சுழலெலும்பு, நிலையெலும்பு. வேலையைச் சொல்லும் பெயர்கள்.
– செம்பூர்

நிலையெலும்பு என்றால் மற்றதெல்லாம் நிலையில்லாததா? அப்புறம், எலும்பு எதற்கு? 'அன்புடையார் என்பும் உரியர்' என்றவர்க்கு என்பு போதுமாக இருந்தது.
– முலுண்டு

என்பு என்று தாளில் போட்டால் 'அன்பு' என்பதன் அச்சுப்பிழை என்பார்கள், அம்மா.
– செம்பூர்

எல்லாவற்றையும் கட்டு மாற்ற வந்த நெல்லை ஆச்சி ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "பெருவிரல் பக்கத்து எலும்புன்னு சொல்லேன்ப்பா, அதுக்கு எதுக்கு இம்புட்டு?" என்றார். பெருவிரல் பக்க எலும்பு, சுண்டுவிரல் பக்க எலும்பு என்று போட்டுவிட்டேன். மருத்துவச் சீட்டோடு ஒத்துப்பார்க்க ரேடியஸ், அல்னா பக்கத்திலேயே இருக்கும். ஆறு பேர் சரி என்று எழுதியிருக்கிறார்கள். நால்வர் களைத்துப்போய் என்று நினைக்கிறேன்.
– தாராவி

ரேடியஸின் மேல்நுனி முழங்கையில் இருக்கிறதே, அங்கே முறிந்தால் ஆச்சி எந்தப் பெருவிரலைத் தேடுவார்? என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.
– மாட்டுங்கா