திருடனுக்குக் கட்டுப் போட்டது சரியா?

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 1997இல் வந்த, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் அல்டிமா ஆன்லைன் என்ற கணினி விளையாட்டை இன்னும் விடாமல் ஆடுபவன். என் கேரக்டர் ஒரு வீரன். சொன்ன சொல் தவறாதவன், குற்றம் செய்யாதவன் என்பதால் பெயரும் நீல நிறத்தில்தான் இருக்கும். ஏற்காட்டில் இருக்கும் சித்தி மகன் வைத்திருப்பது திருடன்.

போன ஞாயிறு இரவு ஆட்டத்தில் ஊருக்கு வெளியே, புதிதாக வந்த ஒருவரின் பையில் தம்பி கை வைத்து மாட்டிக்கொண்டான். குற்றவாளி என்று காட்ட அவன் பெயர் சாம்பல் நிறமானது. பக்கத்தில் நின்றவர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். "அண்ணா, கட்டுப் போடுண்ணா" என்று போனில் கத்தினான். யோசிக்காமல் போட்டேன். குற்றவாளிக்கு வைத்தியம் பார்த்தால் நாமும் குற்றவாளி என்பது ஆட்டத்தின் விதி. என் பெயரும் சாம்பலாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, சற்று நேரத்தில் மாறிவிடும். பொருளைப் பறிகொடுத்தவர் ஒரு வார்த்தையும் டைப் செய்யாமல் அங்கேயே வெகுநேரம் நின்றார். அதுதான் மனதை அறுக்கிறது.

"திருடுவது என் கேரக்டரின் தொழில், அதையும் ஆட்டம்தானே அனுமதிக்கிறது" என்கிறான் தம்பி. அவன் சொல்வதும் சரிதான். ஆனால் என் வீரன் அதற்குத் துணை போகலாமா? உயிரைக் காப்பாற்றுவது வேறு, தப்பிக்க வழிவிடுவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் கட்டு என்று சொல்லலாமா?

இப்படி ஆடிய அனுபவம் உள்ளவர்கள், உங்கள் கேரக்டருக்கு என்ன வரம்பு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். வரும் ஞாயிறு ஆடுவதற்கு முன்னால் தம்பியிடம் பேசியாக வேண்டும்.