இன்னும் மனசுல உறுத்துற ஒரு மாடல்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

ஆவடிக்காரன்:

ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல, இங்க சொல்லிடறேன். டாமியா கம்பெனியோட 1/35 அளவு சென்சூரியன் டாங்கி, ஒட்டிச் செய்யற பிளாஸ்டிக் மாடல், கிட்டைப் பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, இங்க பாதிப் பேர் ஒட்டியிருப்பீங்க. 1965 செப்டம்பர்ல சியால்கோட் பக்கம் போன நம்ம வண்டி மாதிரி செய்யணும்னு ஆசை. ஆலிவ் டிராப் பச்சை, மெல்லிசா நிறம் மாத்தற ஃபில்டர், மடிப்புல கருமை விடற பின் வாஷ், பெயிண்ட் உதிர்ந்த மாதிரி ஸ்பாஞ்ச் சிப்பிங், பக்கத் தகடு பூரா துரு வழிஞ்ச கோடு, டிராக்ல (சக்கரத்தைச் சுத்தி ஓடுற இரும்புப் பட்டையில) ஆரஞ்சு பிக்மென்ட் பொடி, எதையும் விடல, மூணு மாச வேலை.

எங்க தெருவுல ஒரு தாத்தா, சொந்த ஊர் வேலூர் பக்கம், 16 லைட் கேவல்ரிங்கற டாங்கி ரெஜிமென்ட்ல டிரைவரா இருந்தவர். நம்ம தென்னிந்தியப் பசங்க ரெஜிமென்ட் அது, 65ல சியால்கோட் பக்கம் பிலோரா சண்டையில சென்சூரியனோட இறங்கினவங்க. அவர்கிட்ட காட்டாம யார்கிட்ட காட்டறதுன்னு எடுத்துட்டுப் போனேன்.

கண்ணாடி மாட்டி, வேட்டி நுனியில கையைத் துடைச்சுக்கிட்டுதான் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பார்த்தார். ரொம்ப நேரம் கழிச்சு, "யாருப்பா இந்த வண்டிக்கு டிரைவர்?"னு கேட்டார்.

எனக்குப் புரியல. பாராட்டுறார்னு நினைச்சேன். அப்புறம்தான் சொன்னார், ராத்திரி எத்தனை மணியானாலும் டிராக்கைக் கோத்திருக்கிற கம்பி பின் ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்துட்டுதான் சாப்பாடு, ஓடுற டிராக் தரையில படுற பக்கம் வெள்ளி மாதிரி மின்னும், செவக்குதுன்னா வண்டி நாள்கணக்கா நின்னுட்டிருக்குன்னு அர்த்தம், இப்படி துரு வழிய விட்டவனை ரிசால்தார் நிக்க வச்சு கேள்வி கேட்பார்னு. அதுவரைக்கும் கூட பரவாயில்ல. முன்னாடி வலது பக்கம், டிரைவர் ஹேட்ச்சுக்குக் கீழ இருக்கிற சரிவுல சுண்டு விரலை வச்சார். "நான் ஏறி இறங்குற இடம் தம்பி இது. பூட்ஸ் தேய்ச்சு தேய்ச்சு வெறும் இரும்பா இருக்கும். இங்க மட்டும் புதுப் பெயிண்ட் வச்சிருக்கியே."

போட்டோ எல்லாம் பார்த்துதான் செஞ்சேன். ஆனா வண்டி பூரா அழுக்கு பூசிட்டு, ஒரு மனுஷன் நிஜமா தினமும் கால் வச்ச இடத்தை சுத்தமா விட்டிருக்கேன். இப்ப எந்த கிட்டை எடுத்தாலும் முதல்ல ஆள் எங்க மிதிப்பான், எதைப் பிடிச்சு ஏறுவான்னுதான் பார்க்கிறேன். அந்த சென்சூரியனை மட்டும் மாத்தல. அரை மணி நேர வேலைதான், கை வரல.

பச்சைமூடி:

ஆவடி அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

என்னோடது ஒரு சத்தம். பான்சர் 4ங்கற ஜெர்மன் டாங்கி, பெங்களூருல தனியா இருந்தப்ப முதல் தடவையா முழுசா முடிச்ச வண்டி. பெல்ட் மாதிரி வர்ற வினைல் டிராக், நல்லா இழுத்துப் பிடிச்சு மாட்டினேன், கொஞ்சம் டைட்டாதான் இருந்துச்சு. அதுக்கு மேல கடைசியா அடியில எல்லாம் எனாமல் வாஷ், பெயிண்ட் கடையில லிட்டர் கணக்குல கிடைக்கிற எம்டிஓ தின்னர்ல (மினரல் டர்பன்டைன் ஆயில்) கலக்கி தாராளமா ஓட விட்டேன், சஸ்பென்ஷன் இடுக்கெல்லாம் தானா இழுத்துக்கிட்டு போச்சு, பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு.

ராத்திரி ஒரு மணி இருக்கும், "டிக்". பல்லின்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. பல்லி சொல்லுது, நல்ல சகுனம்னு நினைச்சுக்கிட்டே தூங்கிட்டேன், நிஜமாவே அப்படி நினைச்சேன். காலையில பார்த்தா டிராக்கை இழுத்துப் பிடிக்கிற ஐட்லர் சக்கரம் ரெண்டும் மேஜை மேல, சக்கரம் மாட்டுற போகி ஆக்ஸில் நாலு இடத்துல வெடிச்சு, டிராக் தளர்ந்து கிடக்கு. அந்த "டிக்" ஒவ்வொண்ணும் என் வண்டி உடையற சத்தம். எந்திரிச்சுப் போய் பார்த்திருந்தா மிச்சத்தையாவது காப்பாத்தியிருக்கலாம்.

அதுக்கப்புறம் எம்டிஓவைத் தொடல.

மேட்வார்னிஷ்:

பச்சைமூடி, எம்டிஓ மேல பழி போடாதீங்க. நான் பல வருஷமா அதைத்தான் யூஸ் பண்றேன். இறுக்கமா இழுபட்டு நிக்கிற பிளாஸ்டிக்ல எந்த தின்னர் தேங்கினாலும் வெடிக்கும், விலை அதிகமான பாட்டில் வாங்கினாலும் இதேதான். தப்பு அளவுலயும் டிராக் இழுவையிலயும். வாஷை ஓட விடக்கூடாது, நுனி பிரஷ்ல தொட்டு மடிப்புல மட்டும் வைக்கணும், வண்டியோட வயித்துக்குள்ள இறங்கி தேங்கினா வெளிய வர வழி இல்லாம அங்கேயே உக்காந்து வேலையைக் காட்டும்.

என் கதை சின்னது. திருவான்மியூர், நவம்பர், விட்டு விட்டு மழை. தங்கச்சி பையனுக்குப் பத்தாவது பிறந்தநாள், அவன் கேட்டதால ஒரு டி-34 ரஷ்ய டாங்கி, 1943 குர்ஸ்க் சண்டையில நின்ன மாதிரி. மறுநாள் குடுக்கணும், பளபளப்பைக் குறைக்கிற மேட் கோட் வார்னிஷ் மட்டும்தான் பாக்கி, பால்கனியில வச்சு ஸ்ப்ரே கேன்ல அடிச்சேன். பத்து நிமிஷத்துல விபூதி பூசின மாதிரி வண்டி பூரா வெள்ளை. துடைச்சாலும் போகல. நேரம் இல்ல, அப்படியே டப்பாவுல வச்சு குடுத்தேன். பிரிச்சான், கண்ணு விரிஞ்சது, "மாமா, பனியா?"ன்னான். நான் "ஆமாடா"ன்னுட்டேன்.

குர்ஸ்க் நடந்தது ஜூலையில. அவன் இப்ப பிளஸ் டூ, இன்னும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெல்ஃபைக் காட்டி பனியில நின்ன ரஷ்ய டாங்கின்னு சொல்றான், நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கேன்.

கடலோரத்துல இருக்கிறவங்க யாருக்காவது உதவும், அதனால எழுதிடறேன். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கிற நாள்ல லாக்கர் ஸ்ப்ரே அடிச்சா, தின்னர் சட்டுனு ஆவியாகும்போது அந்த இடம் குளிரும், குளிர்ந்த மேற்பரப்புல காத்துல இருக்கிற ஈரம் பனித்துளி மாதிரி படிஞ்சு வார்னிஷுக்குள்ள மாட்டிக்கும், அதுதான் அந்த வெள்ளை. காத்து ஈரத்தைக் காட்டற ஈரமானி ஒண்ணு வாங்கி மாடலிங் மேஜையில வச்சுக்கோங்க, அறுபது சதவீதத்தைத் தாண்டினா கேனைத் தொடாதீங்க. ஏசி ரூம்ல ரெண்டு மணி நேரம் மாடலையும் கேனையும் வச்சிருந்து அப்புறம் அடிங்க, ஆனா ஜன்னலைத் திறந்துட்டு எக்ஸாஸ்ட் போட்டு, மாஸ்க்கோட. கேனை வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில கொஞ்ச நேரம் வைக்கலாம், கொதி தண்ணி கூடவே கூடாது. ஒரேயடியா நனைய அடிக்காம, தள்ளி நின்னு மெல்லிசா மூணு தடவை. வெள்ளையாயிடுச்சுன்னா உடனே தேய்க்காதீங்க, வறண்ட நாள் ஒண்ணு பார்த்து மேல ஒரு கிளாஸ் கோட் அடிச்சா பல சமயம் அந்த வெள்ளை மறைஞ்சிடும், அது காய்ஞ்சதும் திரும்ப மேட். முடிஞ்சா ஏர்பிரஷ்ல அக்ரிலிக் மேட்டுக்கு மாறிடுங்க, நம்ம ஊருக்கு அதுதான் தோது. இதெல்லாம் அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு ராத்திரியில சரி பண்ணியிருப்பேன்.

செம்மண்35:

ஆவடிக்காரன், உங்க தாத்தா சொன்னது அவர் ரெஜிமென்ட்டுக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா அதைப் படிச்சிட்டு இனிமே எல்லா வண்டியும் சுத்தமா இருக்கணும்னு யாரும் கிளம்பிடக்கூடாது. ரெண்டாம் உலகப் போர்ல கிழக்கு முனையில, அதாவது ரஷ்யா பக்கம், பல டி-34 துரு பிடிக்கற அளவுக்கு உயிரோடவே இல்ல, ஃபேக்டரியில இருந்து வந்து சில வாரத்துல எரிஞ்சு போச்சு, அதே சமயம் வசந்தத்துல பனி உருகினா இடுப்பளவு சேறு, அதைக் கழுவ யாருக்கும் நேரம் இல்ல. ஆக துரு கம்மி, சேறு ஜாஸ்தி. வெர்லிண்டன்ங்கற பெல்ஜியம் மாடல்காரர் காலத்துல டிரை பிரஷ் (காய்ஞ்ச பிரஷ்ல ஓரத்தைத் தேய்க்கறது), அப்புறம் ஸ்பெயின்காரங்க வந்து சிப்பிங், வழிஞ்ச கோடு, பிக்மென்ட்னு கொண்டு வந்தாங்க, நாம ரெண்டையும் எந்த நாடு எந்த மாசம்னு பார்க்காம எல்லா வண்டி மேலயும் கொட்டறோம். அதுல உங்க பக்கம்தான் நான்.

இன்னொண்ணு, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். ரப்பர் டயர் போட்ட சக்கரத்தோட விளிம்புல வெள்ளி தேய்க்கறதை தயவுசெஞ்சு விடுங்க. ரப்பர் மின்னாது. சென்சூரியன், பேட்டன், ஷெர்மன், டி-55 எல்லாமே ரப்பர்தான். மின்னுறது டிராக்கோட பல்லும், டிராக்கை ஓட்டற பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும், பல்லு உரசுற சக்கர உள்பக்கமும். உங்க சென்சூரியன் போட்டோ முன்னாடி பார்த்திருக்கேன், அதுலயும் வெள்ளி இருந்துச்சு, தாத்தா அதைச் சொல்லலைன்னா, பையன் பாவம்னு விட்டிருப்பார்.

என் விஷயம். அகமத்நகர் டாங்கி மியூசியத்துக்குப் போயிட்டு வர்ற வழியில, அங்க மாடில்டா, வாலன்டைன், சர்ச்சில்னு வரிசையா பார்த்த கிறுகிறுப்பு இன்னும் இறங்கல, ஒரு ராணுவக் குடியிருப்பு வாசல்ல பாகிஸ்தான்கிட்ட இருந்து பிடிபட்ட பேட்டன் டாங்கி ஒண்ணு மேடை கட்டி நிறுத்தியிருந்தாங்க. 65ல பஞ்சாப்ல அசல் உத்தர்ங்கற இடத்துல வாய்க்காலைத் திறந்து கரும்பு வயல்ல தண்ணி விட்டு மடக்கினாங்களே, அந்தக் கூட்டத்துல ஒண்ணா இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டேன். பீரங்கி இருக்கிற மேல் கூண்டு, அதான் டரட், அது பக்கவாட்டுல ஒரு ஓட்டை, ரெண்டு விரல் நுழையும். விட்டுப் பார்த்தேன். உள்ள வழவழன்னு இருந்துச்சு.

பெயிண்ட். ஓட்டைக்குள்ளயும் பிரஷ் விட்டு அடிச்சிருக்காங்க, வருஷா வருஷம் ஒரு கோட் போல, ஓரமெல்லாம் மழுங்கி மெதுவடை ஓட்டை மாதிரி ஆயிடுச்சு. இரும்பு உருகி உள்ள சுருண்டிருக்கும், அதைத் தொடப் போறோம்னு நினைச்சு விட்ட விரல் அது. பெயிண்ட் அடிச்சவர் மேல கோபம் இல்ல, அவர் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கார். ஆனா அன்னிக்கு ஹோட்டல் ரூமுக்கு வந்து கையை மறுபடி மறுபடி கழுவிட்டு இருந்தேன், ஏன்னு இன்னும் சொல்லத் தெரியல. குண்டு பட்ட ஓட்டையை அதுக்கப்புறம் எந்த மாடல்லயும் நான் போடல.

ஆவடிக்காரன்:

சக்கர விஷயம் ஒத்துக்கறேன், தப்புதான். ஆனா தாத்தா பாவம்னு விட்டவர் இல்ல, பார்த்திருந்தா சொல்லியிருப்பார். அவர் பார்த்தது அவர் உக்காந்த பக்கத்தை மட்டும்தான்.

கடல்காத்து:

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறன். நீங்கள் எழுதுறதை ஒரு வருசமா வாசிக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன்.

2002ல, போரால மூடிக்கிடந்த யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை திறந்தாப் பிறகு அப்பா என்னை மோட்டார் சைக்கிளில வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போனவர், எனக்கு ஒன்பது வயசு. ஆனையிறவைத் தாண்டி றோட்டோரம் எரிஞ்ச டாங்கி ஒண்டு. உப்பளக் காத்தில துரு தட்டுத் தட்டா எழும்பி, மரப்பட்டை மாதிரி கையால உரிக்கலாம். அப்பா தண்ணி குடிக்க நிப்பாட்டினவர், நானும் அங்க நிண்ட ரெண்டு பெடியளும் அதில ஏறி விளையாடினம்.

போன குளிருக்கு வேலை குறைவு, ஒரு டி-55 வாங்கி அந்த வண்டியைச் செய்யத் தொடங்கினன். ஹெயார்ஸ்ப்ரே, உப்பு, மூண்டு விதமான பிக்மென்ட், அந்தத் தட்டுத் தட்டான துருவுக்கு தேயிலைத் தூளை அரைச்சுக் கூட ஒட்டிப் பாத்தன். நல்லா வந்தது. உண்மையா நல்லா வந்தது, நான் செய்ததில அதுதான் திறம். துருவின்ர நிறம் எனக்குக் கண்ணுக்குள்ள இருந்தது.

அப்பா தேத்தண்ணி கொண்டந்து மேசையில வைச்சவர். அவர் வழமையா என்ர மாடலுகளைப் பாக்கிறேல்ல. இதைக் குனிஞ்சு பாத்தார். கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு கேட்டார், "உள்ளுக்கை ஆரும் இருந்தவையோ?"

நான் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு, இல்லையப்பா, உள்ளுக்கு வெறுமை, இந்தக் கிட்டில இன்ரீரியர் வராது எண்டு சொன்னன். அவர் தலையாட்டிப்போட்டு வெளியில போட்டார். அவர் எதைக் கேட்டவர் எண்டு எனக்கு ராத்திரிதான் விளங்கினது. அவர் அண்டைக்கு றோட்டில என்னை ஏற விட்டிட்டுத் தான் மட்டும் கிட்ட வராமல் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர், அதுவும் அப்பதான் ஞாபகம் வந்தது.

வண்டி இன்னும் மேசையில கிடக்குது. சக்கரம் மட்டும் பூட்டேல்ல.

செம்மண்35:

கடல்காத்து, என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, சக்கரம் பாக்கின்னு சொன்னதால.

முழுசா எரிஞ்ச வண்டியில சக்கரத்துல ரப்பர் இருக்காது. எரிஞ்சு போய் வெறும் இரும்பு வளையம்தான் மிஞ்சும், அதனால டிராக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளி தெரியும், கிட்ல வர்ற டயரை சீவி எடுத்துட்டு மாட்டணும். டி-55க்கு டார்ஷன் பார் சஸ்பென்ஷன், அதாவது முறுக்குற இரும்புக் கம்பிதான் ஸ்பிரிங், அந்தச் சூட்டுல பாரோட முறுக்கு செத்துப் போய் வண்டி வயித்தோட தரையில உக்காந்துடும், நிமிர்ந்து நிக்காது. அதனால சக்கர ஆர்ம் எல்லாத்தையும் மேல தூக்கி ஒட்டுங்க. பெயிண்ட் எரிஞ்சு போன இடத்துல சில நாள்லயே துரு வந்துடும், முதல்ல வெளிர் ஆரஞ்சு, உங்க ஊர் உப்புக் காத்துல வருஷம் போகப் போக கருஞ்சிவப்பு. ரப்பர் எரிஞ்ச சாம்பல் சக்கரத்தைச் சுத்தி வெள்ளையா இருக்கும், ஆனா நீங்க பார்த்தப்ப மழையில கரைஞ்சிருக்கும், அது வேணாம்.

அவசரம் இல்ல. எப்ப முடியுதோ அப்ப.

கடல்காத்து:

இல்லை, தப்பா எடுக்கேல்ல. நீங்கள் சொன்னது சரி, அந்த வண்டியில ரப்பர் இருக்கேல்ல, நல்லா ஞாபகம் இருக்கு, மண்ணோட குந்திக்கொண்டுதான் இருந்தது, அதாலதான் என்னால ஏறக்கூடியதா இருந்தது. ரப்பரை ஆரோ செருப்புத் தைக்கக் கழட்டிக்கொண்டு போட்டினம் எண்டு அந்தப் பெடியள் சொன்னவங்கள். இவ்வளவு காலமும் நான் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.