கோபிசெட்டிபாளையம் பக்கம்: சிகிச்சைக்கு வர மறுப்பவரை அழைத்துப் போக வழி தேவை

ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். எங்கள் ஊரில் 34 வயதுத் தம்பி ஒருவர் நாலு மாதமாக மனநோய் மாத்திரையை விட்டுவிட்டார். மூன்று வாரமாக உள்தாழ்ப்பாள். அம்மா ஜன்னலில் வைக்கும் சோற்றை, விஷம் என்று வெளியே தள்ளிவிடுகிறார். ஆள் பாதியாகிவிட்டார்.

14416 மனநல உதவி எண்ணில் பேசினோம். ஆம்புலன்ஸ் வந்து, அவர் மறுத்ததும் திரும்பிவிட்டது. மருத்துவமனையில் நேரில் பார்க்காமல் சேர்க்க முடியாது என்கிறார்கள், அதுவும் சரிதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 89-ஆம் பிரிவில் சம்மதமில்லாமலும் 30 நாள் வரை சேர்க்கலாம். ஆனால் வாசல் வரை கொண்டுபோவது யார்? 100-ஆம் பிரிவின்படி, தனக்கே ஆபத்தாக இருப்பவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸ் கடமை. ஸ்டேஷனிலோ, "வீட்டு விஷயம், நீங்களே கூட்டிப் போங்க" என்கிறார்கள்.

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் 100-ஆம் பிரிவில் மனு கொடுத்து ஆளை அழைத்துப் போனவர்கள், மனுவை யாரிடம், எப்படி எழுதிக் கொடுத்தீர்கள்?