துப்பறியும் நாவல் தலைப்புகளைக் கொஞ்சம் கெடுத்துப் பார்ப்போமா?

கேள்வி: பழைய குற்ற நாவல்களின் தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் கதையே வேறாகிவிடுகிறது. 1934இல் வந்த அகதா கிறிஸ்டியின் ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் கொலை’ நாவலை ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் குறட்டை’ என்று மாற்றினேன், பெட்டியில் ஒருவரும் தூங்கவில்லை, அதனால் எல்லோருக்குமே கொலை செய்யக் காரணம் இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?

பதில் 1: ‘பாஸ்கர் வீட்டு நாய்’. கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலான ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்’ கதையில் நாயின் மேல் பாஸ்பரஸ் பூசி இருட்டில் ஒளிர வைப்பார்கள், இங்கே அது தபால்காரரைப் பார்த்தால் மட்டும் குரைக்கும், மற்ற நேரம் சோபாவில் தூக்கம். ஹோம்ஸ் வந்தாலும் எழுந்திருக்காது.

பதில் 2: 1939இல் வந்த சாண்ட்லரின் ‘பெரிய தூக்கம்’ இருக்கிறதே, அதைக் ‘குட்டித் தூக்கம்’ ஆக்கிவிடலாம். இரண்டாம் அத்தியாயத்திலேயே துப்பறிவாளர் கண்ணயர்ந்துவிடுகிறார், எழுந்து பார்த்தால் வழக்கு முடிந்திருக்கிறது.

பதில் 3: ‘ரோஜர் அக்ராய்டைக் கொன்றவர் பெயர் பக்கம் 12இல் பென்சிலால்’. இது பகடி இல்லை, அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ நாவலில் நூலகத்தில் எனக்குக் கிடைத்த பிரதி. எழுதியவர் கிடைத்தால் அடுத்த கொலையைச் செய்வது நான்தான்.

கேட்டவர்: மூன்றாமவருக்கு என் அனுதாபம். அந்த நாவலில் போய் இதைச் செய்திருக்கிறாரே, பாவி!